புயலில் நிற்காத வானிலை நிலையம்: வடசென்னை வீட்டுக்கு ஒரு செய்முறை

சென்னையில் மழை என்றதும் செய்தியில் முதலில் வருகிற பெயர்கள் வானிலைத் துறையின் நிலையங்கள் இருக்கும் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்தான். எண்ணூரில் கொட்டும் மழைக்கும் மீனம்பாக்கத்துத் தூறலுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொளத்தூர் பக்கம் சிலர் சொந்தக் காசில் மாடியில் வானிலைக் கருவி வைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை புயல் நெருங்கும் நேரத்தில்தான் பேச்சை நிறுத்துகின்றன. பழுது கருவியில் இருக்காது. முன்னெச்சரிக்கையாக ஈபி கரண்டை நிறுத்துவார்கள், ரவுட்டர் அணையும், கொஞ்ச நேரத்தில் செல் டவரும் படுத்துவிடும். நமக்கு வேண்டிய ஆறு மணி நேரப் பதிவு வெற்றிடமாகக் கிடக்கும்.

கரண்டும் நெட்டும் போன பிறகும் பதிவு நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பல பேரிடம் கேட்டு, பல கடை ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவரும் செய்யலாம்.

1. ஆகஸ்டில் தொடங்குங்கள்

அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால் மினி யுபிஎஸ் கடையில் இருக்காது, கூரியர் வராது, வெல்டிங் கடைக்காரர் தகரக் கூரைகளைக் கட்டப் போயிருப்பார். ஆகஸ்டில் தொடங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை நேர இடிமழை அடிக்கடி பெய்யும். சோதனைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, கரண்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ஜூனிலேயே ஆர்டர் போடுங்கள். சுங்கத்தில் எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. முதலில் அனுமதி, அப்புறம் கருவி

சொந்த வீடு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். கடிதத்தில் இவை இருக்கட்டும்: கம்பத்தின் உயரம், மொத்த எடை, தளத்தில் துளை போடுவீர்களா அல்லது கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் மட்டுமா, கரண்ட் யாருடைய மீட்டரிலிருந்து, காலி செய்யும்போது யார் பூசிக்கொடுப்பது. கடைசி வரிதான் பின்னால் சண்டையைத் தவிர்க்கும்.

அடுக்குமாடி என்றால் மொட்டை மாடி பொது இடம். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் தீர்மானமாக எழுதி, நகல் வாங்கி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் 'செல்போன் டவர் வைக்கிறார்கள்' என்று ஒருவர் கிளப்பிவிட, வேலை மாதக்கணக்கில் நின்றது. கருவியின் படத்தையும், கம்பம் எவ்வளவு ஒல்லி என்பதையும் முதல் கூட்டத்திலேயே காட்டிவிடுங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு என்றால், குடியிருப்போர் சங்கக் கடிதத்தோடு வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டாலும் அந்த முத்திரை உதவும்.

பள்ளிக்கூட மாடி இடவசதியில் அருமையானது. ஆனால் புயல் நேரத்தில் மாநகராட்சிப் பள்ளிகள் நிவாரண மையமாகும். அங்கே வந்திருப்பவர்கள் போனுக்கு சார்ஜ் போட உங்கள் பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். ஆகவே பேட்டரியை பிளக் பக்கத்தில் வைக்காமல் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

வானொலி அலையில் பேசும் கருவி வாங்கினால் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாடல் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டியலில் வராது. விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம். பில் கொடுக்கும் இந்திய விற்பனையாளரிடம், கம்பியில்லாக் கருவிக்கான ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

3. முதல் செலவு காற்றழுத்தமானிக்கு

கடைக்காரர் முதலில் காட்டுவது சுழலும் காற்றுமானியை. பார்க்க அழகாக இருக்கும். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அழுத்தமானியை வாங்குங்கள். புயலின் மையம் எவ்வளவு கிட்டே வருகிறது என்பதை அழுத்தம் சொல்லும். அதை அளக்க மாடி ஏற வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெளியிலும் காற்றழுத்தம் ஒன்றுதான். அலமாரி மேல் வைத்தால் போதும். மழையில் நனையாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்காது, காக்கை கொத்தாது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில், அழுத்தத்தை அளக்கும் பி.எம்.பி. 280 என்ற சின்னச் சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சில்லு சொல்வதைப் படித்துப் பதியும் குட்டிக் கணினியான இ.எஸ்.பி. 32 போர்டு ஒன்று, எஸ்டி கார்டு மாட்டும் தட்டு ஒன்று, கடிகாரச் சில்லு ஒன்று. எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஈரப்பதமும் சேர்த்து அளக்கும் பி.எம்.இ. 280 என்று சொல்லி, ஈரப்பதம் அளக்காத பி.எம்.பி. 280-ஐ அதே விலைக்குக் கொடுப்பார்கள். அழுத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஈரப்பதம் வேண்டாம் என்றால் பி.எம்.பி. என்றே கேட்டு விலை குறைத்து வாங்குங்கள். வேண்டும் என்றால் கடையிலேயே சொருகிக் காட்டச் சொல்லுங்கள். மென்பொருள் கேட்கும் அடையாள எண்ணுக்கு பி.எம்.இ. 60 என்றும் பி.எம்.பி. 58 என்றும் பதில் சொல்லும்.

அடுத்தது திருத்தம். அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டுத்தான் எல்லோரும் ஒப்பிடுவார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். நான்காவது மாடியில் இருப்பவருக்கும் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரும். உயரத்தைப் போன் செயலியில் பார்த்து எழுதிவிடாதீர்கள். செயற்கைக்கோள் கணக்கிடும் உயரமும் நிஜக் கடல் மட்டமும் தென்னிந்தியாவில் வெகுவாக விலகும். சில செயலிகள் வடசென்னையைக் கடலுக்குக் கீழே 80 மீட்டருக்குப் பக்கத்தில் காட்டும். எளிய வழி: மீனம்பாக்கம் விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் அழுத்தத்தை, காற்றில்லாத நாட்களில் ஒரு வாரம் உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தின் சராசரியை உங்கள் எண்ணோடு கூட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். விமான நிலைய அறிக்கையின் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

புதியவர்களைப் பயமுறுத்தும் ஒரு விஷயம். நம் ஊரில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம், விடியற்காலை 4, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. மதியம் மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கியதும் புயல் வந்துவிட்டது என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நேற்று மாலை 4 மணி எண்ணோடு இன்று மாலை 4 மணி எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

4. மழைக்கு இரண்டு மானிகள்

ஒன்று தானியங்கி, இன்னொன்று கையால் அளப்பது. தானியங்கியில் சின்னக் கரண்டி போன்ற வாளி நிறைந்து கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் 0.2 மில்லிமீட்டர் போல எண்ணும். அடைமழையில் வாளி கவிழ்கிற கண நேரத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதால் கணக்குக் குறையும். காற்று அடித்தால் இன்னும் குறையும். புயலில் இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் சரிபார்க்க ஒரு கைமானி அவசியம்.

கைமானியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. நான்கு அங்குல பிவிசி பைப் இரண்டடி நீளம், ஒரு மூடி, பசை. 500 ரூபாய் கூட ஆகாது. மேல் விளிம்பைச் சமமாக அறுத்து, உள்பக்கமாகக் கொஞ்சம் தேய்த்துக் கூராக்குங்கள். பக்கங்கள் செங்குத்தாக இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு. எஃகு ஸ்கேலை இறக்கிப் பாருங்கள். ஸ்கேலின் நுனிக்கும் பூஜ்ஜியக் கோட்டுக்கும் இடைவெளி இல்லாததாக வாங்குங்கள். மூடியின் அடி குழிவாக இருந்தால் அந்தக் குழி நிறையும் வரை தண்ணீர் ஊற்றி, அதைத் தொடக்கமாக வையுங்கள். பெயின்ட் வாளியில் அளப்பது வேண்டாம், அது மேலே அகலம், கீழே குறுகல். கடையில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் மானிகளும் அதி கனமழையில் வழிந்துவிடும். ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டுவதைத்தான் வானிலைத் துறை அப்படிச் சொல்கிறது. இரண்டடி பைப் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தாங்கும். நடு ராத்திரியில் மாடி ஏறிக் காலி செய்யும் வேலை இல்லை.

தானியங்கியைச் சோதிக்க மருந்துக் கடையில் ஒரு டிரிப்ஸ் செட் வாங்குங்கள். புனலின் விட்டம் 11 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். 500 மில்லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு விட்டால் 52.6 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். 49 காட்டினால் மென்பொருளில் 1.07 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அவசரமாகக் குவளையில் ஊற்றிச் சோதித்தால் எண் தப்பாகத்தான் வரும்.

இடம் பார்க்கும்போது சின்டெக்ஸ் டேங்க், படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றிலிருந்தும் அவை மானிக்கு மேல் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வடசென்னை மாடிகளில் அது முழுதாகக் கிடைப்பது கஷ்டம். கிடைத்ததில் நல்ல இடத்தில் வைத்து, நான்கு திசைக்கும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எண்ணைப் பயன்படுத்துபவருக்கு அந்த நான்கு படங்கள் முக்கியம்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும் புனலில் படிந்து, முதல் மழையில் சேறாகி அடைக்கும். காசிமேட்டில் காக்கையும் பருந்தும் மீன் முள்ளைப் போடும். சீசனில் வாரம் ஒருமுறை புனலைக் கழுவுங்கள். பறவை உட்காராமல் இருக்க விளிம்பைச் சுற்றி கேபிள் டைகளை நிமிர்த்திக் கட்டுங்கள். திருகெல்லாம் துருப்பிடிக்காத எஃகு, 316 தரம். சாதாரணத் திருகு கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

5. கரண்ட் கணக்கு

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் போய்விடும், ஆகவே நமக்குக் கிடைப்பது சுமார் 40. உணர்வியும் போர்டும் அரை வாட்டுக்குள் ஓடும். அவை மட்டும் என்றால் மூன்று நாள் தாங்கும். அதே பேட்டரியில் 10 வாட் எடுக்கும் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மாட்டினால் நான்கு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அளப்பதற்கு ஒரு பேட்டரி, அனுப்புவதற்கு வேறு பேட்டரி. அளக்கும் பக்கம் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கட்டும். அனுப்பும் பக்கம் செத்தாலும் பரவாயில்லை. பிறகு நெட் வந்ததும் விட்டதையெல்லாம் அனுப்பலாம்.

பேட்டரிக்குச் சுமார் 1,000 ரூபாய், சார்ஜருக்கு அதே அளவு, ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் 1,500 ரூபாய் வாக்கில் வரும். சோலார் தகடு வைக்கலாமே என்று கேட்பீர்கள். புயல் வரும் இரண்டு மூன்று நாள் வெயிலே இருக்காது, மாடியில் அந்தத் தகடு காற்றுக்குப் பாய்மரம் போல. நான் வேண்டாம் என்பேன்.

ரெடிமேட் நிலையம் வாங்குபவர்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: கன்சோலில் (வீட்டுக்குள் வைக்கும் திரைப்பெட்டி) எஸ்டி கார்டு உண்டா, நெட் இல்லாதபோது பதிவு எங்கே போகும், கன்சோல் எந்த வோல்ட்டில் ஓடும். இணைய சர்வரில் மட்டும் சேமிக்கும் மாடல் என்றால், எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரெடிமேட் நிலையங்கள் 15,000 ரூபாயிலிருந்து தொடங்கி லட்சம் வரை போகும்.

சோதனை எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அடுத்த நாள் காலை கார்டைப் பாருங்கள். வீட்டில் திட்டுவார்கள், ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

6. நெட் போன பிறகு

உங்கள் ரவுட்டர் உயிரோடு இருந்தாலும் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்ட் இருக்காது. ஆகவே 4ஜி டாங்கிள் அல்லது பழைய போன் ஒன்றை ஹாட்ஸ்பாட்டாக வையுங்கள், வீட்டு போனில் இருப்பதல்லாத வேறு கம்பெனி சிம்மில். டாங்கிளை எப்போதும் ஓட விடாமல் மூன்று மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். அந்த சிம்முக்கு நவம்பர் தொடக்கத்தில் ரீசார்ஜ் செய்யுங்கள். வருடம் முழுக்கச் சும்மா கிடக்கும் சிம் சரியாக டிசம்பரில் முடங்கும்.

டேட்டா வராத நேரத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் போகும். வெளியூரில், மழை இல்லாத ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரையோ நண்பரையோ முன்பே பேசி வையுங்கள். நீங்கள் மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் அவர் உங்கள் பெயரில் குழுவில் போடுவார். நேரம், அழுத்தம், காலை 8:30 முதல் பெய்த மழை, காற்றின் திசை. அவ்வளவுதான், கதை வேண்டாம்.

7. கடிகாரம்

போர்டு நெட்டிலிருந்துதான் நேரம் வாங்கும். நெட் இல்லாமல் ஒருமுறை அணைந்து எழுந்தால் 1970-ஆம் வருடம் என்று எழுத ஆரம்பிக்கும். 3-ஆம் படியில் சொன்ன கடிகாரச் சில்லு இதற்குத்தான். டி.எஸ். 3231 என்று கேளுங்கள், பட்டன் பேட்டரியோடு.

இன்னொன்று, வானிலைத் துறையின் மழைநாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. பல இணையதளங்கள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டும். 'என் மானி 180 காட்டுகிறது, அரசாங்கம் 120 என்கிறது' என்ற சண்டைகளில் பாதி இதனால்தான்.

8. காற்றுமானி, மனம் இருந்தால்

சர்வதேச முறைப்படி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். மாடியில் அது நடக்காது. கட்டடமே காற்றைத் திருப்பிவிடும். ஆகவே வேகத்தைவிடத் திசையை நம்புங்கள். புயல் நமக்குத் தெற்கே கரை ஏறினால் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்கு, தென்கிழக்கு என்று மாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனதுபோல வடக்கே கடந்து போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று எதிர்ப்பக்கம் சுற்றும். எந்த மணிக்குத் திரும்பியது என்பது நல்ல தகவல்.

வேகம் எழுதினால் சராசரியா, திடீர் வீச்சா என்று எழுதுங்கள். மணிக்கு 62 கிலோமீட்டர் இருந்தால் புயல் என்று வானிலைத் துறை சொல்வது மூன்று நிமிடச் சராசரியை. உங்கள் கருவியில் ஒரு கணம் 70 வந்துவிட்டால் அது வேறு கணக்கு.

கம்பம் ஒன்றரை அங்குல ஜிஐ பைப், மூன்று பக்கம் ஸ்டே கம்பி. ஈபி கம்பிகள் மாடிக்குப் பக்கத்தில் போகும் தெருக்களில், கம்பம் சாய்ந்தாலும் அவற்றைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். அந்தத் தூரம் இல்லையா, காற்றுமானியே வேண்டாம்.

9. யாருக்கு அனுப்புவது

விண்டி, வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற வானிலை இணையதளங்களில் இலவசமாக நிலையத்தைப் பதியலாம். பதியும்போது மின்னஞ்சல், நிலையத்தின் இடம், தரையிலிருந்து உயரம் கேட்பார்கள். இடத்தைச் சரியாகக் கொடுங்கள். வீட்டு எண்ணை மட்டும் பெயரில் சேர்க்க வேண்டாம். வானிலைத் துறையின் தளத்திலும் பொதுமக்கள் தாங்கள் கண்டதைப் பதியலாம்.

தெரு குழுவில் போடும்போது எச்சரிக்கை. அளந்ததை மட்டும் போடுங்கள். 'ராத்திரி இங்கேதான் கரை கடக்கும், எல்லோரும் கிளம்புங்கள்' என்பது உங்கள் வேலை இல்லை. பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. தண்ணீர் ஏறுவதைச் சொல்ல மாநகராட்சியின் 1913, மாவட்டத்தின் 1077.

10. புயல் வரும்போது

இரண்டு நாள் முன்னால்: பேட்டரி முழு சார்ஜ், புனல் சுத்தம், கைமானி காலி, கார்டில் இடம், ஸ்டே கம்பி இறுக்கம். மாடியில் தளர்ந்து கிடக்கும் தகரம், பூந்தொட்டி, பழைய டிஷ் எல்லாவற்றையும் இறக்குங்கள். கருவிகளை உடைப்பது பெரும்பாலும் காற்றைவிட, காற்றில் பறந்து வருகிற இவைதான். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பேட்டரியை உத்தரம் உயரத்துக்கு ஏற்றுங்கள். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கொடுங்கையூர் கால்வாய் ஓரமாக இருந்தால் இதைத் தவிர்க்காதீர்கள். வீட்டுச் சுவரில் வெளியே சென்டிமீட்டர் கோடு போட்டு வைத்தால் வெள்ளம் ஏறும் வேகத்தையும் ஜன்னல் வழியாகவே எழுதலாம்.

புயல் அடிக்கும்போது மாடிக்குப் போகாதீர்கள், எது கழன்றாலும் சரி. காற்று திடீரென அடங்கினாலும் போகாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது. முடிந்தது என்று வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் உள்ளே உட்கார்ந்து அழுத்தம் எந்த நிமிடத்தில் மிகக் குறைந்தது என்று நோட்டில் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம், பென்சிலால். நனைந்தாலும் அழியாது.

11. மறுநாள்

கைமானியை 8:30-க்குப் படித்து, ஸ்கேலோடு ஒரு போட்டோ எடுத்து, பிறகு காலி செய்யுங்கள். எஸ்டி கார்டை அப்படியே நகல் எடுங்கள். திருத்துவதையெல்லாம் நகலில் செய்யுங்கள். தானியங்கிக்கும் கைமானிக்கும் வித்தியாசம் வந்தால் மொத்தத்துக்குக் கைமானியையும், மணிவாரிப் பங்கீட்டுக்குத் தானியங்கியையும் நம்புங்கள்.

பதிவு விட்டுப்போன நேரத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்ஜியம் போடாதீர்கள். பூஜ்ஜியம் என்றால் மழை இல்லை என்று அர்த்தம். பிறகு அந்த எண்களைப் பார்க்கிறவருக்கு ராத்திரி 2 மணிக்கு மணலியில் மழையே பெய்யவில்லை என்று தோன்றும்.

கடைசியாக, கருவி முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். பேட்டரியை அன்றே சார்ஜில் போடுங்கள், பாதி வடிந்த ஈய பேட்டரியை ஒரு வாரம் விட்டால் அடுத்த புயலுக்கு வராது.